வீட்டில்தானே இருக்கிறாள்!

சென்ற இதழில் வற்றல் வடாம் பற்றி எழுதியதற்கு ஏகப்பட்ட கடிதங்கள். கூழ் வடாம் காய்ந்ததும் ஏன் பொடிப்பொடியாக உடைகிறது என்று கேட்ட சகோதரிகள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ள வேண்டும். அடுத்த இதழில் பதில் சொல்லி விடுகிறேன். இந்தத் தடவை வேறொரு விஷயம் மனசை உறுத்துகிறது. அதை உங்களிடம் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

போன மாதம் என் சிநேகிதி திருச்சியிலிருந்து போன் செய்தாள். நாற்பது வருஷத்துச் சிநேகிதம். தங்கமான மனசு அவளுக்கு. ஆனால் அன்றைக்குக் குரலில் ஒரே சலிப்பு.

"மருமகள் வீட்டிலேயேதான் இருக்கா. பஸ் ஏறி இறங்கறதில்லே, வெயில்லே அலையறதில்லே. இருந்தும் ஒரு சாம்பார் வைக்க ஒழியலே அவளுக்கு. கேட்டா மீட்டிங்காம்! குழந்தைக்குப் பால் வேற பத்தலை, பவுடர் பால் வாங்கணுங்கறா. நீ ஒரு நடை வந்து நயமா எடுத்துச் சொல்லேன். நீ சொன்னா கேட்பா."

எடுத்துச் சொல்லத்தான் போனேன். போன இடத்தில் நானே வாயடைத்துப் போனேன்.

அந்தப் பெண்ணுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேறுகால விடுப்பு இருபத்தாறு வாரமும் முடிந்த பிறகு, குழந்தைக்கு ஒரு வயது நிரம்பும் வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி அனுமதி கொடுத்திருக்கிறது. நேரத்தையும் அவள் சௌகரியப்படி வைத்துக் கொள்ளலாமாம். கணவனுக்குத் திருச்சியில் பாங்க் உத்தியோகம். ஆகவே மாமியார் வீட்டோடு வந்து விட்டாள். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! குழந்தையும் கண்ணெதிரே, சம்பளமும் குறைவில்லை. எங்கள் காலத்தில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் எத்தனை பேர் வேலையை விட்டிருக்க மாட்டோம்!

எனக்குக் கையில் வேலை இல்லாவிட்டால் எதையாவது எண்ணிக் கொண்டிருப்பது வழக்கம். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அந்தப் பெண் கட்டில் ஓரத்தில், இரண்டு தலையணை மேல் லாப்டாப்பை வைத்துக் கொண்டு வேலையில் உட்கார்ந்தாள். நான் கூடத்தில் கீரை ஆய்ந்து கொண்டிருந்தேன். அவள் எழுந்து வரும்போதெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டேன். மத்தியானம் ஒரு மணிக்குள் பதினேழு கோடு.

கூரியர்காரன் மணி அடித்தான், அவள் எழுந்தாள். காஸ் சிலிண்டர் வந்தது, அவள் எழுந்தாள். மாமனாருக்குக் கண்ணாடி அகப்படவில்லை. வேலைக்காரிக்குச் சோப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும். "ஒரு நிமிஷம் இந்தக் குக்கரை மட்டும் பார்த்துக்கோம்மா" என்று என் சிநேகிதியே மூன்று தடவை கூப்பிட்டாள். ஒருவரும் அதட்டவில்லை, ஒருவரும் கடிந்து பேசவில்லை. எல்லாம் 'ஒரு நிமிஷம்'தான். வீட்டில்தானே இருக்கிறாள்!

நடுவே குழந்தை அழுதது. அப்போது அவள் மீட்டிங்கில் இருந்தாள். தன் பக்கத்துச் சத்தம் அங்கே கேட்காதபடி ஏதோ பொத்தானை அழுத்தி விட்டு ஓடி வந்து குழந்தையைப் பாலுக்கு எடுத்துக் கொண்டாள். நாலு நிமிஷம் இருக்காது, காதில் மாட்டியிருந்த கருவியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள் போல. குழந்தையை வெடுக்கென்று பிரித்து மாமியாரிடம் கொடுத்து விட்டு ஓடினாள். குழந்தை வீறிட்டது. பால் ஏன் பற்றவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்து விட்டது. தாய்ப்பால் பானையில் நிரப்பி வைத்த தண்ணீர் இல்லை. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும். பாதி பாதியாக நிறுத்தினால், நேரத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டால், உடம்பு 'இவ்வளவு போதும் போலிருக்கிறது' என்று சுரப்பைக் குறைத்துக் கொள்ளும். பால் கட்டிக் கொண்டு வலியும் ஜுரமும் வருவதும் இதனால்தான்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பதினொரு மணிக்கு மறுபடி லாப்டாப்பைத் திறந்தாள். பகலில் துண்டு துண்டாகப் போன வேலையை அப்போது உட்கார்ந்து முடிக்கிறாள். ஒன்றரை மணிக்கு விளக்கை அணைத்தாள். மூன்று மணிக்குக் குழந்தை விழித்துக் கொண்டது. எப்போது வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்ற சலுகை எப்போதும் வேலை என்று முடிந்திருந்தது.

மறுநாள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "ராஜிநாமா லெட்டர் டைப் அடிச்சு வச்சிருக்கேன் ஆன்ட்டி. அனுப்பறதுதான் பாக்கி" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குக் குழந்தை சத்தம் கேட்கக் கூடாது. வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஆபீஸ் சத்தம் கேட்கக் கூடாது. நடுவுல நான் யாருன்னே மறந்து போச்சு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அவள் பொத்தானை அழுத்தியதைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆங்கில மாதரசியின் கதை ஞாபகம் வந்தது. ஸ்டெஃபனி ஷர்லி என்று பெயர். ஹிட்லருக்குத் தப்பி, 1939-ல் ஐந்து வயதுக் குழந்தையாக, அகதிக் குழந்தைகளோடு ரயிலேறி இங்கிலாந்து வந்தவர். கல்யாணமோ குழந்தையோ ஆனதும் வேலையை விட்டு விட்ட, கம்ப்யூட்டர் தெரிந்த பெண்களை ஒன்று சேர்த்து, 1962-ல் வெறும் ஆறு பவுன் முதலில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை. பெண் பெயரில் கடிதம் எழுதினால் கம்பெனிக்காரர்கள் பதிலே போடவில்லையாம். கணவர் யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டார், பதில் வர ஆரம்பித்தது! அடுத்த வருஷமே அவருக்கும் குழந்தை பிறந்தது. வாடிக்கைக்காரரிடம் டெலிபோனில் பேசும்போது குழந்தைச் சத்தம் கேட்டு விடக் கூடாதே என்று, டைப்ரைட்டர் ஓடும் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து வைத்துக் கொண்டு அதைப் பக்கத்தில் ஓட விடுவாராம்!

ஒலியை விட வேகமாகப் பறந்த கன்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு வேண்டிய கம்ப்யூட்டர் வேலையைச் செய்தது அந்த வீட்டுப் பெண்கள்தான். முதலில் சேர்ந்த முந்நூறு பேரில் ஆண்கள் மூன்றே பேர். 1975-ல் ஆண் பெண் பேதம் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்த பிறகு, 'ஆண்களையும் சேர்த்துக் கொள்ள வேண்டியதாயிற்று' என்று வேடிக்கையாகச் சொல்வார். 2025-ல் தொண்ணூற்றொன்றாம் வயதில் காலமானார். அவர் டேப் ஓட விட்டு அறுபது வருஷத்துக்கு மேல் ஆகி விட்டது. திருச்சிப் பெண் இன்னும் குழந்தைச் சத்தத்தை மறைத்துக் கொண்டிருக்கிறாள். டேப் போய்ப் பொத்தான் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை நேரத்தை அவரவர் வசதிக்கு மாற்றிக் கொள்ளும் முறை ஜெர்மனியில், மூனிக் நகருக்கு அருகே ஓட்டோப்ரூன் என்ற இடத்தில் ஒரு விமானத் தொழிற்சாலையில் 1967-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு யோசனை சொன்னவரும் ஒரு பெண்தான், கிறிஸ்டெல் கேமரர் என்பவர். எல்லோரும் ஒரே சமயத்தில் காரில் வந்து தெருவில் மாட்டிக் கொண்டு நின்றதற்கு அது ஒரு பரிகாரம். வீட்டுப் பொறுப்புள்ள பெண்களும் வேலைக்கு வர வழி. இந்த முறையில், நாளின் நடுப்பகுதியில் சில மணி நேரம் எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அவரவர் இஷ்டம். அதாவது கட்டு நேரம் எது, கட்டில்லாத நேரம் எது என்று முன்கூட்டியே வகுத்து விடுகிறார்கள். முறையின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளில் இந்த முதல் பாதியை விட்டு விட்டோம். 'இஷ்டப்பட்ட நேரம்' என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. யார் இஷ்டம்? கூரியர்காரன் இஷ்டம், குக்கர் இஷ்டம்!

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் என் காலண்டர் தாளைச் சிநேகிதியிடம் நீட்டினேன். அவளுக்கு முகம் சிவந்து விட்டது. "என் வீட்டுக்கு வந்து கணக்குப் பிள்ளை வேலை பார்த்தியா?" என்றாள். நியாயந்தானே! ராத்திரி முழுக்க என்னோடு பேசவில்லை. காலையில் அவள் கணவர்தான் தாளை எடுத்துப் பார்த்து, "இதிலே ஆறு என்னுது போலிருக்கே" என்று சிரித்தார். அதன் பிறகுதான் வீடு இளகிற்று.

நானும் யோக்கியம் இல்லை. 2020-ல் கொரோனா சமயம் என் மகள் எங்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, அவள் மேலதிகாரியோடு பேசிக் கொண்டிருக்கையில் உள்ளே போய், "தோசைக்குச் சட்னியா, பொடியா?" என்று கேட்டவள்தான் நான். அவள் கோபித்துக் கொண்டதற்கு, பெற்ற தாயிடம் இப்படியா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தேன்.

சரி, என்ன செய்தோம்? ஜெர்மன்காரர்கள் மாதிரி வீட்டுக்கும் ஒரு கட்டு நேரம் போட்டோம். காலை பத்திலிருந்து பன்னிரண்டரை, பிற்பகல் இரண்டரையிலிருந்து ஐந்து. அந்த நேரத்தில் அவள் வீட்டில் இல்லை என்றே வைத்துக் கொள்ள வேண்டும். வாசல் மணிக்கு மாமனார். அடுப்புக்கு அடுப்பில் இருப்பவர். குழந்தை பசித்து அழுதால் மட்டும் பாட்டி தூக்கிக் கொண்டு அறைக்குப் போகலாம். பாக்கி மூன்று மணி நேர வேலையைக் காலை ஆறிலிருந்து ஏழரை, இரவு எட்டிலிருந்து ஒன்பதரை என்று பிரித்துக் கொண்டாள். அந்த இரண்டு வேளையும் குழந்தை அப்பாவிடம். பிள்ளையாண்டான் நல்லவன்தான். ஆனால் அதுவரை பாங்கிலிருந்து வந்ததும் "என்ன டிபன்?" என்று கேட்கும் ஜாதி. அவனை மட்டும் சொல்லி என்ன? 2024-ல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி, வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் அதில் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிஷம்.

இதில் என் சிநேகிதிக்குத்தான் சுமை கூடி விடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி வேறு. பாட்டிமார் முதுகில் ஏற்றி வைத்து விட்டுப் பெண்கள் முன்னேறினார்கள் என்று சொல்வதை நான் ஒப்ப மாட்டேன். அதனால் காலைச் சமையலுக்கு ஓர் அம்மாவை ஏற்பாடு செய்யச் சொன்னேன். "வேத்து மனுஷி கைச் சமையலா?" என்று முகம் சுளித்தாள். மருமகள் சம்பளத்தில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் என்று இறங்கி வந்தாள்.

அடுத்தபடி ஆபீஸ். இங்கேதான் பெண்கள் தயங்குகிறார்கள். 'அனுமதி கொடுத்ததே பெரிசு, இன்னும் கேட்டால் என்ன நினைப்பார்களோ' என்று. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். 1961-ல் வந்த பேறுகாலப் பயன் சட்டத்தை 2017-ல் திருத்தியபோதுதான், முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரமாக இருந்த விடுப்பு இருபத்தாறு வாரமாயிற்று. வேலை அப்படிப்பட்டதாக இருந்தால், விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கலாம் என்றும் அப்போது சேர்த்தார்கள். 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. கவனியுங்கள், 'அனுமதிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'அனுமதிக்க வேண்டும்' என்று இல்லை. எத்தனை நாள், என்ன நிபந்தனை என்பதெல்லாம் இரு தரப்பும் பேசி ஒப்புக் கொள்வதைப் பொறுத்தது. ஆகவே விடுப்பு முடிவதற்கு முன்பே பேசுங்கள், பேசியதை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். ஆபீஸுக்கே திரும்பிப் போகிறவர்கள், ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்பதை மறக்க வேண்டாம். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, பாலூட்ட இரண்டு தனி இடைவேளையும் உண்டு.

நம் பெண்ணும் எழுதினாள். மீட்டிங்குகளைக் கட்டு நேரத்துக்குள் வைக்க வேண்டும் என்று நாலே வரி. செவ்வாயும் வியாழனும் இரவு எட்டரைக்கு அமெரிக்காக்காரர்களோடு பேசுவதை மட்டும் மாற்ற முடியாது, மற்றதெல்லாம் சரி என்று பதில் வந்தது. இத்தனை நாள் கேட்காமல் இருந்தோமே என்று அவளுக்கே ஆச்சரியம்.

இனி உட்காரும் இடம். கட்டிலில் குனிந்து உட்கார்ந்தால் பிரசவத்தில் தளர்ந்த இடுப்பும் முதுகும் என்னத்துக்கு ஆகும்? துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார ஆசனம் போட வேண்டும் என்று 2021-ல் நம் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. வீட்டில் வேலை பார்க்கும் மருமகளுக்கு நாற்காலி போடவும் சட்டசபை கூட வேண்டுமா? பின்கட்டு அறையில் அரிசி டிரம்மையும் டிரங்குப் பெட்டியையும் ஒதுக்கி, பிள்ளை படித்த காலத்து மேஜையைப் போட்டோம். திரை கண் மட்டத்துக்கு வரப் பழைய பைண்டு புத்தகம் இரண்டை அடியில் வைத்து, எழுத்துப் பலகையைத் தனியாக வாங்கி முழங்கை மட்டத்தில் வைத்தாயிற்று. அவள் கால் தரையில் எட்டவில்லை. பூஜை அறை மணைப்பலகை ஒன்று வந்தது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பார்த்தால் கண்ணுக்கு இதம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர்.

பால் விஷயம். பத்து மணிக்கு உட்காரும் முன் ஒரு தடவை, பன்னிரண்டரைக்கு, இரண்டேகாலுக்கு, ஐந்துக்கு என்று நிதானமாக, குழந்தை தானே விடும் வரை கொடுக்கிறாள். இடையில் தேவைப்பட்டால் கொடுக்கக் கொஞ்சம் எடுத்தும் வைக்கிறாள். கையையும் பாத்திரத்தையும் சுத்தம் செய்த பிறகே எடுக்க வேண்டும். எடுத்த பால் குளிர்ந்த அறையில், அதாவது 25 டிகிரி சூட்டுக்குள், நாலு மணி நேரம் தாங்கும். நம் திருச்சி வெயிலுக்கு அந்தக் கணக்கு உதவாது. எடுத்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்து விடுங்கள், கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி. அங்கே நாலு நாள் இருக்கும். மூடியின் மேல் தேதி எழுதுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை இறக்கி வைத்தால் போதும். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொள்ள வேண்டாம். ஏழு மாதக் குழந்தை ஆகையால் கேழ்வரகுக் கஞ்சி, பருப்புச் சாதம் என்று மற்ற ஆகாரமும் நடக்கிறது. டாக்டரிடம் எடை பார்த்ததில் குறைவில்லை என்று சொல்லி விட்டார், பவுடர் டப்பா வாங்கவில்லை.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பிரசவித்த பெண் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று சொல்லிக் கொண்டிருந்தால், அதை வேலைக் களைப்பு என்று தள்ளி விடக் கூடாது. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற சர்க்கார் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். மாடியில் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக, நான் ஊருக்குத் திரும்புமுன் அவளையும் டாக்டரிடம் அழைத்துப் போய் வந்தேன்.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் ஞாபகம் வருகிறது. விடுப்பு, காப்பகம், மீட்டிங் நேரம் என்று எந்தச் சட்டமும் அவள் வீட்டு வாசலை எட்டவில்லை. அவளுக்கு எட்டிய சட்டம் நான்தான். காலை ஆறரைக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன், அவள் பிள்ளை தானாகவே தலை வாரிக் கொண்டு பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருந்தான். இப்போது அவனை விட்டு விட்டு ஒன்பதரைக்கு வருகிறாள். ராத்திரிப் பாத்திரம் காலை ஒன்பதரை வரை தொட்டியில் கிடந்தால் வானம் இடிந்து விழவில்லை.

போன வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சிநேகிதிக்குப் போன் போட்டேன். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தாள். ரகசியம் பேசுவது போல் குரல்.

"என்னடி உடம்பு சரியில்லையா?" என்றேன் பதறிப் போய்.

"உஸ்! அவளுக்கு மீட்டிங். குழந்தை இப்பத்தான் என் தோளிலே தூங்கறது. பன்னிரண்டரைக்கு மேலே கூப்பிடறேன், வை."

பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டாள். மருமகளும் பேசினாள். ராத்திரி பத்தரைக்கெல்லாம் படுத்து விடுகிறாளாம். அந்த ராஜிநாமாக் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"இருக்கட்டும் ஆன்ட்டி. இன்னும் அழிக்கலை" என்றாள்.